அந்த மாத்திரைக்குப் பெயர் என்ன?

பழவேற்காட்டு ஏரிக்கரையில் பிறக்கும் பிள்ளைக்கு எழுத்தறிவு வருமுன்னே நீரறிவு வந்துவிடுகிறது. கெளுத்தி மீனுக்கு முள் எங்கே இருக்கிறது, திருக்கையின் வால் பட்டால் என்ன ஆகும், நீர் வற்றும் வேளையில் முகத்துவாரத்து நீரோட்டம் ஆளை எப்படிக் கடலுக்குள் இழுத்துச் செல்லும் என்பனவெல்லாம் எட்டு வயதுச் சிறுவனுக்கு ஒளிவுமறைவின்றிச் சொல்லப்படுகின்றன. பிள்ளை பயந்துவிடுவானே என்று எண்ணித் திருக்கையின் வாலை மறைத்த தந்தை எவரையும் இந்தக் கரையில் நாம் கண்டதில்லை. சொல்லாமல் விட்டால் பிள்ளை செத்துப்போவான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அதே வீட்டில், அதே பிள்ளையின் மனத்துக்கு ஒரு நோய் வந்துவிட்டால் மட்டும் பேச்சு நின்றுபோகிறது. கதவு சாத்தப்படுகிறது. பிள்ளையை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுப் பெரியவர்கள் தமக்குள் பேசிக்கொள்கிறார்கள். மாத்திரைக்குப் பொய்ப்பெயர் சூட்டப்படுகிறது. இப்படிச் சூட்டப்பட்ட பொய்ப்பெயர் ஒன்றுக்கு நாமே ஞானத்தந்தையாக இருந்தோம். அந்தக் கடனை இங்கே எழுதித் தீர்க்க முடியாது; ஆனால் எழுதாமல் இருப்பதும் சரியன்று.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் அந்த ஏரிக்கரைப் பங்கு ஒன்றில் பணியாற்றினோம். பொன்னேரி வரை பேருந்து, அங்கிருந்து சென்னைக்கு மின்தொடர்; மருத்துவமனைக்கு ஒருமுறை போய்வந்தால் ஒரு நாள் பிழைப்பு போயிற்று. அந்தப் பங்கில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். (அவனும் பெற்றோரும் இசைந்த பின்னரே எழுதுகிறோம், அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியுமிருக்கிறோம். இது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று, கோவில் திண்ணையில் கேட்டது.) சில மாதங்களாகச் சுவரைப் பார்த்தபடி படுத்தே கிடந்தவன், ஒரு நாள் எழுந்தான். எழுந்தவன் பின்னர் உறங்கவேயில்லை. ஆறு இரவுகள் விழித்திருந்தான். கடனுக்குப் புது வலைகள் வாங்கினான். விசைப்படகு வாங்கப்போவதாக ஊரெல்லாம் சொன்னான். ஏழாம் நாள் இரவு இரண்டு மணிக்கு நம் கோவில் மணியை அடித்தான். ஊர் முழுவதும் கடல் ஏறிவிட்டதென்று அஞ்சிக் கரைக்கு ஓடிவந்தது. 2004 திசம்பர் 26ஐக் கண்ட ஊருக்கு அந்த மணியோசை எப்படிக் கேட்டிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் மந்திரித்தார்கள். பிறகு ஒரு செபக் கூடத்துக்கு அழைத்துப்போனார்கள். கடைசியாகத்தான் சென்னை. மருத்துவர் இருதுருவ மனநோய் என்றார்; ஆங்கிலத்தில் பைபோலார் என்பார்கள். மனம் சில காலம் அளவு கடந்து பொங்கும், சில காலம் அளவு கடந்து வற்றும். லித்தியம் என்ற மாத்திரையை எழுதித் தந்து, குறித்த நாள்களில் இரத்தம் சோதிக்க வேண்டும் என்றும் சொன்னார். சொன்னது பெற்றோரிடம். பையன் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தான்.

அன்று மாலை தாய் தந்தை இருவரும் அறைவீட்டுக்கு வந்தார்கள். "சாமி, இவன்கிட்ட எப்படிச் சொல்றது? பைத்தியம்னு நெனச்சு ஏரியில விழுந்துட்டா?" என்று தாய் அழுதார். அவனுக்குக் கீழே ஒரு பெண்பிள்ளை இருந்தாள். அவளுடைய திருமணத்தைப் பற்றிய கவலை தந்தைக்கு அப்போதே தொடங்கிவிட்டது. நாம் குருமடத்தில் படித்த அறநெறி இறையியலை நினைவுக்குக் கொண்டுவந்தோம். பொய் வேறு, உண்மையை விவேகத்தோடு மறைப்பது வேறு என்று புனித தோமா அக்குவினா பிரித்துக் காட்டியிருப்பதை எடுத்துச் சொன்னோம். கேட்கும் உரிமை இல்லாதவருக்கு உண்மையை வெளிப்படுத்தக் கடமையில்லை என்றோம். இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் மறைத்தல் என்றாவது பெயர் இருந்திருக்கும். ஆனால் தாய் விடவில்லை: "மாத்திரை எதுக்குன்னு கேப்பானே, சாமி?" நாம் சொன்னோம்: "இரத்த விருத்தி மாத்திரை என்று சொல்லுங்கள்."

பொய் மிக அழகாகப் பொருந்தியது. இரத்தச் சோதனைக்குக்கூட அதிலேயே விளக்கம் இருந்தது. பிள்ளை தேறினான். நம் ஆலோசனை பலித்ததென்று உள்ளூர மகிழ்ந்தோம்.

அடுத்த ஆண்டு மே மாதம். பையன் தந்தையோடு இறால் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தான். லித்தியத்தின் இயல்பை இங்கே சற்று விளக்க வேண்டும். அது ஓர் உலோகம். உப்பாகச் செய்து மருந்தாகத் தருகிறார்கள். 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் அதன் பயனை வெளியிட்டார். எத்தனையோ பேரின் உயிரை அது காத்திருக்கிறது. ஆனால் இரத்தத்தில் அதன் அளவு ஒரு குறுகிய எல்லைக்குள் நிற்க வேண்டும். குறைந்தால் பயனில்லை, மிகுந்தால் நஞ்சு. உடலில் நீர் வற்றினால் அளவு ஏறும். வயிற்றுப்போக்கு கண்டால் ஏறும். கடையில் சாதாரணமாக வாங்கும் வலி மாத்திரைகளில் சிலவற்றை உடன் விழுங்கினாலும் ஏறும். ஆகவே இம்மருந்தை உண்பவர் தாம் உண்பது இன்னதென்று அறிந்திருக்க வேண்டும். நம் பையனுக்குத் தெரிந்ததெல்லாம் இரத்த விருத்தி மாத்திரை. வலை இழுத்துத் தோள் வலித்தபோது கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டான். உச்சி வெயிலில் வியர்க்க வியர்க்க நின்றான். தண்ணீர் தீர்ந்தபோது கரைக்குத் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான்.

வாந்தி எடுத்தான். கை நடுங்கிற்று. கால் நிலைகொள்ளவில்லை, நாக்குக் குழறிற்று. கூட்டாளிகள் அவனைப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் சேர்த்தார்கள். வெயில் தாக்கியிருக்கலாம் என்று அங்கிருந்தவர்கள் எண்ணியதில் வியப்பில்லை. "வழக்கமாக என்ன மாத்திரை சாப்பிடுகிறாய்?" என்ற கேள்விக்கு அவன் உண்மையாகவே பதில் சொன்னான். தாய் மீன் கூடையோடு சந்தைக்குப் போயிருந்தார். அவர் வந்து சேர்ந்து, மாத்திரையின் உண்மைப் பெயரைச் சொல்லும்வரை கழிந்த மணிநேரங்களை நாம் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பிறகு சென்னைக்கு விரைந்தார்கள், பிழைத்தான். தன் நோயின் பெயரை அவன் முதன்முதலாகக் கேட்டது, தள்ளுவண்டியில் கிடந்தபோது, தலைக்கு மேலாக ஒருவர் இன்னொருவரிடம் சொன்ன குறிப்பில்.

வீடு திரும்பிய பின் பார்க்கப் போனோம். எழுந்து உட்கார்ந்தான். தோத்திரம் சொல்லவில்லை. "உங்களுக்கும் தெரியுமா, சாமி?" என்று மட்டும் கேட்டான்.

தெரியும் என்றோம். இரத்த விருத்தி என்ற சொல் நம்முடையது என்பதையும் சொன்னோம். அவன் நெடுநேரம் பேசவில்லை. நோய் வந்துவிட்டதே என்பதைவிட, ஊரில் தன் தந்தைக்கும் தாய்க்கும் பங்குச்சாமிக்கும் தெரிந்த ஒன்று தனக்கு மட்டும் தெரியாமல் இருந்ததே என்பதுதான் அவனை வாட்டியது என்று பிறகு அறிந்தோம். இன்னொன்றையும் அறிந்தோம். அந்த ஓராண்டும் அவன் விளக்கம் இல்லாமல் இருக்கவில்லை. தனக்குப் பிசாசு பிடித்திருந்ததென்றும், பெற்றோர் அதை மறைக்கிறார்கள் என்றும், நள்ளிரவில் மணியடித்ததால் மாதாவின் கோபத்துக்கு ஆளானதாகவும் அவனாகவே ஒரு கதை கட்டி வைத்திருந்தான். நாம் சொல்லாமல் விட்ட இடம் காலியாக இருக்கவில்லை. உண்மையைவிட ஆயிரம் மடங்கு கொடிய ஒன்று அதில் குடியேறியிருந்தது.

இதன் பிறகே நாம் பழைய ஏடுகளைத் திரும்பப் புரட்டினோம். இம்முறை நமக்குச் சாதகமான வரியைத் தேடி அன்று.

புனித அகுஸ்தினார் பொய்யைப் பற்றித் தனியாக இரு நூல்கள் எழுதியவர். உயிரைக் காப்பதற்காகச் சொன்னாலும் பொய் பொய்தான் என்பது அவர் முடிபு. குருமடத்தில் இளம் வயதில் படித்தபோது, குடும்பங்களின் வேதனையை அறியாத கடுமை என்று நாம் அதை ஒதுக்கியதுண்டு. திருவள்ளுவரோ வாய்மை அதிகாரத்தில், குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறார். தமிழ் மக்கள் நெஞ்சுக்கு வள்ளுவர் வழி இதமானது. ஆனால் அவர் வைத்த நிபந்தனையை நாம் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். நன்மை தந்தால் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. அந்த நன்மை குற்றம் தீர்ந்ததாக இருக்க வேண்டும் என்கிறார். பிள்ளையிடம் சொன்ன பொய்யால் வரும் நன்மை யாருக்கு என்று கேட்டால், அந்த நிபந்தனை நம்மைக் கைவிடுகிறது. அன்று மாலை அறைவீட்டில் ஆறுதல் பெற்றவர்கள் பெற்றோர். கடினமான உரையாடல் ஒன்றிலிருந்து தப்பித்துக்கொண்டவர் பங்குக் குரு. பையனுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை.

தோமா அக்குவினாவின் வேறுபாடு இன்றும் சரியானதே. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் உண்மையைத் தெரிவிக்கும் கடமைக்கு நிபந்தனைகள் உண்டு என்கிறது. அறிய உரிமையில்லாதவருக்கு அதை வெளிப்படுத்தக் கட்டுப்பாடு இல்லை என்கிறது. ஆனால் அந்த விதியை நாம் யார்மீது பயன்படுத்தினோம்? அண்டை வீட்டார் அறிய உரிமையற்றவர். பெண் பார்க்க வருவோர்கூட ஓரளவுக்கு அப்படியே. தன் மண்டைக்குள் நடப்பதையும் தன் வயிற்றுக்குள் போவதையும் அறியப் பிள்ளைக்கு உரிமை இல்லையென்றால், வேறு எவருக்கு உண்டு? ஊருக்கு எதிராகப் போட வேண்டிய தாழ்ப்பாளைப் பிள்ளைக்கு எதிராகப் போட்டோம். ஊருக்கோ பாதி விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது.

சட்டமும் இதில் ஓரளவே துணைக்கு வருகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயுற்றவருக்குத் தம் நோயின் தன்மையையும் சிகிச்சைத் திட்டத்தையும் அறியும் உரிமையை வழங்குகிறது. வயது வராதவர் சார்பில் பொதுவாகப் பெற்றோரோ காப்பாளரோ நிற்கிறார்கள். குழந்தைகள் தங்களைப் பற்றிய காரியங்களில் தம் கருத்தைச் சொல்லும் உரிமையை ஏற்கும் ஐ.நா. உடன்படிக்கை 1989இல் உருவாயிற்று. இந்தியா 1992இல் அதில் சேர்ந்தது. என்ன நடக்கிறதென்றே அறியாத பிள்ளை எதைப் பற்றிக் கருத்துச் சொல்வான்? ஆனால் மருத்துவமனையின் கதவுக்கு இப்பால், வீட்டுத் திண்ணையில் யார் எப்போது எந்தச் சொல்லால் சொல்வது என்பதைச் சட்டம் தொடுவதில்லை, தொடவும் முடியாது.

ஏர்வாடியை மறந்திருக்க மாட்டோம். 2001 ஆகத்து 6 அன்று அங்கிருந்த மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது 28 பேர் மாண்டார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. அந்தத் தீக்குப் பிறகு காப்பகங்கள்மீது அரசின் பார்வை திரும்பியது. ஆனால் நம் வீடுகளில் அந்த 28 பேரும் இன்னொரு விதமாக நினைக்கப்படுகிறார்கள். மனநோய் என்றதும் சங்கிலிதான் கண்முன் வருகிறது. அதனாலேயே அந்தச் சொல்லைப் பிள்ளையின் காதுக்கு எட்டாமல் காக்கிறோம். இறைவனின் புனித யோவான்கூட கிரனாதாவில் பைத்தியம் என்று பிடிக்கப்பட்டுக் கட்டி வைத்து அடிக்கப்பட்டவர்தாம். அங்கிருந்து வெளிவந்து நோயாளருக்கென மருத்துவமனை நிறுவியவர். அவர் படத்தை நம் மருத்துவமனைகளில் மாட்டுகிறோம், அவர் கதையில் அந்தப் பகுதியைச் சொல்வதில்லை.

இதை வாசிக்கும் பெற்றோர் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. 'சாமிக்கு என்ன, குழந்தையா குட்டியா' என்பீர்கள். அந்தக் குறையை ஏற்றுக்கொண்டே சொல்கிறோம்: உங்கள் அச்சம் பொய்யன்று. நோயின் பெயர் ஒரு பிள்ளையின் மேல் பச்சை குத்தியதுபோல் ஆகிவிடக்கூடும். பள்ளியில் ஒருவன் அறிந்தால் மறுநாள் 'லூசு' என்பான். அவன் எது செய்தாலும், நியாயமாகக் கோபப்பட்டாலும்கூட, மாத்திரை போட்டாயா என்று வீட்டாரே கேட்கத் தொடங்குவார்கள்; இந்தக் கடைசிக் கொடுமை நாம் நேரில் கண்டது. மேலும், சிறுவயதில் மருத்துவர் சொல்லும் பெயர் பல நேரங்களில் முடிந்த முடிபு அன்று. வளர வளர அது மாறலாம். வலிப்பு வந்த சிறுவனைத் தந்தை இயேசுவிடம் கொண்டுவந்த நிகழ்ச்சியையே பாருங்கள்: மாற்கு அதை ஊமைப் பேய் என்கிறார், மத்தேயு ஆளும் கிரேக்கச் சொல்லோ நிலவோடு தொடர்புடையது. ஒரே பிள்ளை, பெயர்கள் வேறு. அங்கே ஆண்டவர் முதலில் கேட்டது நோயின் பெயரை அன்று, எவ்வளவு காலமாக இப்படி இருக்கிறது என்பதை. தந்தையும் கூட்டத்தின் நடுவில் ஒளிக்காமல், குழந்தைப் பருவத்திலிருந்தே என்றார்.

ஆகவே நேர்மை என்பது ஒரு பெயரைப் பிள்ளையின் முன் போட்டுவிட்டு எழுந்து போவதன்று. மருத்துவருக்கே உறுதி இல்லையென்றால் அதையும் சொல்வதுதான் நேர்மை: "பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பெயர் மாறலாம்." ஆறு வயதுப் பிள்ளைக்கு, மனத்துக்கும் காய்ச்சல் வரும், அதற்கு மருந்து உண்டு, நீ செய்த குறும்பினால் இது வரவில்லை என்பது போதும். அந்தக் கடைசி வாக்கியத்தை எந்த வயதிலும் விட்டுவிடக் கூடாது என்று நமக்குத் தோன்றுகிறது. பதினாறு வயதினனுக்கு மாத்திரையின் பெயர், அளவு, ஆபத்து எல்லாமே வேண்டும். ஒரே நாளில் சொல்லி முடிக்கும் காரியமும் அன்று. பிள்ளை வளரும்போது கேள்வியும் வளரும். எச்.ஐ.வி. தொற்றோடு பிறந்த குழந்தைகளைப் பற்றி இதே தயக்கம் உலகெங்கும் இருந்தது. உலக நல நிறுவனம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பள்ளி செல்லும் வயதுப் பிள்ளைகளுக்கு அவர்களின் நிலையைச் சொல்லிவிட வேண்டும் என்றும், சிறுவர்களுக்கு அவர்கள் புரிந்துகொள்ளும் திறனுக்கேற்பப் படிப்படியாகச் சொல்ல வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. அதைவிடவா இருதுருவ நோய் சொல்லக் கூசும் சொல்?

இது எங்கோ ஒரு வீட்டின் கதை என்றும் எண்ண வேண்டாம். பெங்களூரு நிம்கான்ஸ் நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுவரை உள்ளோரில் 7.3 விழுக்காட்டினர்க்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. ஞாயிறு மறைக்கல்விக்கு ஐம்பது பேர் வந்தால் அவர்களில் மூவரோ நால்வரோ என்று கணக்கிட்டுப் பாருங்கள். 2022 அக்டோபர் முதல் டெலி மானஸ் என்ற அரசின் இலவசத் தொலைபேசிச் சேவை 14416 என்ற எண்ணில் கிடைக்கிறது. கோவில் அறிவிப்புப் பலகையில் கொடியேற்றத்துக்குப் பக்கத்தில் அந்த எண்ணுக்கும் இடம் இருக்கும்.

அந்தப் பையனுக்கு உண்மையை முழுமையாகச் சொல்லியவர் நாமும் அல்லர், மருத்துவரும் அல்லர். மருத்துவர் அடுத்த முறை அவனை உள்ளே அழைத்து உட்கார வைத்து விளக்கினார், நல்ல மனிதர். ஆனால் அவர் சொன்னவற்றில் பாதி அவனுக்கு எட்டவில்லை. திரும்பி வந்த மறுநாள் தந்தை அவனைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார். முகத்துவாரம் அப்போது மணல் தூர்ந்து பாதி அடைபட்டிருந்தது. அங்கே படகை நிறுத்தி அவர் சொன்னதைப் பையனே பிறகு நம்மிடம் சொன்னான்: "இந்த ஏரியப் பாருடா. கடல் ரொம்ப உள்ள வந்தாலும் ஆவாது, வாய் மூடிக்கிட்டாலும் ஆவாது. உன் மனசுக்கு ஏத்தமும் வத்தமும் மத்தவங்களவிடக் கொஞ்சம் ஜாஸ்தி. மாத்திரை அத அளவா வெக்கிது. இத மொதல்லயே சொல்லியிருக்கணும். நைனாவுக்குப் பயம்." குருமடத்தில் நமக்கு இப்படி ஒரு பாடம் யாரும் எடுத்ததில்லை.

அவனுக்கு இப்போது வயது இருபது கடந்துவிட்டது. பாடு முறையில் தங்கள் குடும்பத்தின் முறை வரும் நாள்களில் தவறாமல் தொழிலுக்குப் போகிறான். நடுவில் ஒருமுறை மனம் வற்றத் தொடங்கியபோது, தானே அடையாளம் கண்டு தாயிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போனான். இரத்தச் சோதனைச் சீட்டைத் தானே வாங்கி அளவைப் பார்க்கிறான். படகில் இரண்டு தண்ணீர்க் கேன்கள் வைத்திருக்கிறான். "மேலயும் உப்பு, உள்ளயும் உப்பு சாமி, குடிக்கத் தண்ணி இல்லாம எப்படி?" என்று சிரிக்கிறான். நம்மை மன்னித்துவிட்டானா என்று நாம் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதும் ஒருவகை மறைப்புதானோ என்று சில நேரங்களில் தோன்றும்.

சென்ற திருவிழாவுக்கு நாம் அங்கே போயிருந்தபோது தேர் நிலைக்கு வந்த பின் அவன் நம்மைத் தனியே அழைத்தான். தங்கை இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. அண்ணனின் மாத்திரைச் சீட்டைப் படித்திருக்கிறாள். தனக்கும் இது வருமா என்று அவனிடம் கேட்டிருக்கிறாள். "என்ன சொன்னாய்?" என்றோம். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வர வாய்ப்புக் கொஞ்சம் கூடுதல், ஆனால் பெரும்பாலானோர்க்கு வருவதில்லை என்று மருத்துவர் தன்னிடம் சொன்னதை அப்படியே சொன்னதாகச் சொன்னான். அவளுக்கு இன்னும் நிறையக் கேள்விகள் இருக்கின்றனவாம். அடுத்த மாதச் சோதனைக்கு அவளையும் அழைத்துப்போகிறார்கள்; நான்கு பேருக்கும் பொன்னேரியிலிருந்து காலை வண்டி.